வாக்களிக்கப் போவது யார் என்று கருத்துக்கணிப்பாளர்கள் எப்படி முடிவு செய்கிறார்கள்?

இளவேனில்:
அமெரிக்கத் தேர்தல் கருத்துக்கணிப்புகளைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். ஒரு விஷயம் புரியவே மாட்டேன் என்கிறது. ஒரே நிறுவனம், ஒரே வாரத்தில், ஒரே ஆட்களிடம் எடுத்த கணிப்புக்கு இரண்டு முடிவுகள் போடுகிறார்கள். ஒன்று 'பதிவு செய்த வாக்காளர்கள்' மத்தியில், இன்னொன்று 'வாக்களிக்க வாய்ப்புள்ளவர்கள்' மத்தியில். இரண்டுக்கும் நடுவில் 3, 4 புள்ளி வித்தியாசம் வருகிறது, சில சமயம் முன்னிலையே மாறிவிடுகிறது. முதல் வகை புரிகிறது, பட்டியலில் பெயர் இருக்கிறதா இல்லையா என்பது தெளிவான கேள்வி. ஆனால் தேர்தல் இன்னும் நடக்கவே இல்லை, அதற்குள் யார் சாவடிக்குப் போவார், யார் வீட்டிலேயே இருந்துவிடுவார் என்று இவர்களுக்கு எப்படித் தெரியும்? நேரடியாகக் கேட்டு, 'ஆம்' சொன்னவர்களை மட்டும் வைத்துக்கொள்கிறார்களா, இல்லை வேறு கணக்கு ஏதாவது இருக்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
நல்ல கேள்வி. கருத்துக்கணிப்பு வேலையிலேயே கடினமான இடம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். மற்ற எல்லா ஆய்விலும் நாம் அளக்க வேண்டிய கூட்டம் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு நாட்டின் பெரியவர்களில் எத்தனை பேர் புகைபிடிக்கிறார்கள் என்று கேட்டால், அந்தப் பெரியவர்கள் இன்று இருக்கிறார்கள், கணக்கெடுப்பில் அவர்களின் வயதும் படிப்பும் பதிவாகியிருக்கின்றன, மாதிரியை அதோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். 'இந்தத் தேர்தலில் வாக்களித்தவர்கள்' என்ற கூட்டம் மட்டும் தேர்தல் நாள் முடிகிறவரை உருவாவதே இல்லை. இல்லாத ஒரு கூட்டத்துக்கு மாதிரி எடுக்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் இது ஏன் இவ்வளவு பெரிய தலைவலி என்றால், அங்கே வாக்குப்பதிவு குறைவு, அதோடு தேர்தலுக்குத் தேர்தல் ஏறி இறங்கும். வாக்களிக்கத் தகுதியுள்ளவர்களில் 2016 அதிபர் தேர்தலில் சுமார் 60 சதவீதம் பேர் போட்டார்கள், 2020இல் சுமார் 66 சதவீதம், அது 1900க்குப் பிறகு மிக அதிகம். நடுவில் வரும் இடைக்காலத் தேர்தல்களில் நிலைமை இன்னும் மோசம். 2014இல் 37 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை, அடுத்த 2018இல் சுமார் 50க்குப் போய்விட்டது. நான்கே ஆண்டுகளில் இவ்வளவு தாவினால், போன தேர்தலை வைத்து அடுத்த தேர்தலை எப்படிக் கணிப்பது?

இதற்கு முதலில் ஒழுங்கான முறை உருவாக்கியது கேலப் நிறுவனம். அங்கே பால் பெர்ரி என்பவர் 1950, 60களில் ஒரு கேள்வித் தொகுப்பைத் தயாரித்தார். கடைசியில் அது ஏழு கேள்விகளாக நிலைத்தது. இந்தத் தேர்தலைப் பற்றி எவ்வளவு யோசித்திருக்கிறீர்கள், உங்கள் பகுதியில் வாக்குச்சாவடி எங்கே இருக்கிறது தெரியுமா, இந்தத் தொகுதியில் இதற்கு முன் வாக்களித்திருக்கிறீர்களா, வழக்கமாக எந்த அளவுக்கு வாக்களிப்பீர்கள், இந்த முறை போடும் எண்ணம் உண்டா, 1 முதல் 10 வரையான அளவில் எவ்வளவு உறுதி, போன அதிபர் தேர்தலில் போட்டீர்களா. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். பிறகு இந்த முறை எத்தனை சதவீதம் வாக்குப்பதிவு இருக்கும் என்று ஒரு மதிப்பீடு வைத்துக்கொண்டு, 60 என்று வைத்தால், மதிப்பெண் வரிசையில் மேலே இருக்கும் 60 சதவீதம் பேரை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். மற்றவர்களின் பதில் அப்படியே கழிந்துவிடும்.

முகிலன்:
ஏழு கேள்வி எதற்கு, 'கண்டிப்பாகப் போடுவீர்களா' என்ற ஒன்று போதாதா? பொய் சொல்வதால் யாருக்கு என்ன லாபம்?

தேன்மொழி:
முகிலன், நான் சில காலம் தொலைபேசிக் கருத்துக்கணிப்பில் கேள்வி கேட்கும் வேலை பார்த்தேன், அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். அந்தக் கேள்விக்கு எல்லோரும் 'கண்டிப்பாக' என்றுதான் சொல்வார்கள். அதைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த நிமிடத்தில் அவர்களுக்கு உண்மையிலேயே போடும் எண்ணம் இருக்கும். முன்பின் தெரியாத ஒருவர் அழைத்து 'ஜனநாயகக் கடமையைச் செய்வீர்களா' என்கிற மாதிரிக் கேட்டால் 'மாட்டேன்' என்று சொல்ல வாய் வருமா? குரல் கொஞ்சம் தயங்கும், அப்புறம் 'போடுவேன் போடுவேன்' என்று வரும். அந்தத் தயக்கத்தைப் பதிவு செய்ய எங்கள் படிவத்தில் இடம் கிடையாது, 1 முதல் 10 வரை ஒரு எண்தான் போட முடியும், அதில் பெரும்பாலும் 10 விழும்.

கேள்வி கேட்கும் முறையும் இதற்காகவே அமைக்கப்பட்டிருக்கும். 'போன தேர்தலில் வாக்களித்தீர்களா' என்று வெறுமனே கேட்க மாட்டோம். 'பலருக்கு வேலை இருந்தது, உடம்பு சரியில்லை, நேரம் கிடைக்கவில்லை, அதனால் போட முடியாமல் போனது, உங்களுக்கு எப்படி' என்று முதலில் ஒரு வழி திறந்து வைத்துவிட்டுத்தான் கேட்போம். அப்படிக் கேட்டால் 'இல்லை' சொல்வது கொஞ்சம் எளிதாகிறது. அப்படியும் மிகையாகத்தான் வரும்.

இன்னொரு விஷயம், இதை வெளியே யாரும் அதிகம் பேசுவதில்லை. தொலைபேசியை எடுத்து நிதானமாக எங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர்களே ஒரு தனி ரகம். பொது விஷயங்களில் அக்கறை உள்ளவர்கள், அதே அக்கறையால் வாக்கும் போடுபவர்கள். வாக்களிக்கும் பழக்கம் இல்லாதவர் அழைப்பையே துண்டித்துவிடுவார். ஆக, எந்த வடிகட்டலும் செய்வதற்கு முன்பே எங்கள் பட்டியலில் வாக்களிப்பவர்கள் கூடுதலாகச் சேர்ந்திருப்பார்கள்.

கணக்குப்பிள்ளை:
தேன்மொழி சொல்லும் கடைசி விஷயத்துக்கு எண் இருக்கிறது. பியூ ஆய்வு மையத்தின் தொலைபேசி ஆய்வுகளில் 1997இல் அழைத்தவர்களில் 36 சதவீதம் பேர் பதில் சொன்னார்கள், 2012இல் 9 சதவீதம், 2018இல் 6 சதவீதம். மீதி 94 பேர் யார் என்பதுதான் இன்று எல்லாக் கணிப்பாளர்களின் கவலையும்.

சொன்னதை நம்ப முடியவில்லை என்பதால், செய்ததைப் பார்க்கத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் ஒருவர் யாருக்கு வாக்களித்தார் என்பது ரகசியம், ஆனால் அவர் எந்தெந்தத் தேர்தலில் வாக்களித்தார் என்பது அரசுப் பதிவு. மாநில வாரியாக இருக்கும் இந்தப் பட்டியல்களை வாங்கித் தொகுத்து விற்கவே நிறுவனங்கள் இருக்கின்றன. பெயர், முகவரி, வயது, பல மாநிலங்களில் எந்தக் கட்சியின் பெயரில் பதிவு செய்திருக்கிறார் என்பது, அப்புறம் முக்கியமாகக் கடந்த தேர்தல்களில் வந்தாரா வரவில்லையா என்ற வரலாறு. கணிப்பாளர் இந்தப் பட்டியலிலிருந்தே ஆட்களைத் தேர்ந்து அழைத்தால், அவர் எடுத்த எடுப்பில் 'நான் தவறாமல் போடுவேன்' என்று சொன்னாலும், கடந்த நான்கு தேர்தலிலும் வரவே இல்லை என்பது இவர் கையில் இருக்கும்.

பியூ 2016இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைத்தான் சோதித்தது. 2014 தேர்தலுக்கு முன் பேட்டி கண்டவர்களில் உண்மையில் யார் போட்டார்கள் என்று பிறகு அரசுப் பதிவோடு ஒப்பிட்டு, பல முறைகளையும் போட்டிக்கு விட்டார்கள். வாயால் சொன்ன பதிலோடு பழைய வாக்குப்பதிவு வரலாற்றையும் சேர்த்த முறைகள் முந்தின. எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை, வாக்களிப்பது ஒரு பழக்கம். போன மூன்று முறையும் போனவர் நாலாவது முறையும் போவார்.

இளவேனில்:
சரி, ஆனால் முதல்முறை வாக்காளருக்குப் பழைய வரலாறே இருக்காதே? 18 வயது ஆனவர், புதிதாகக் குடியுரிமை வாங்கியவர், இவர்களை எல்லாம் வராதவர் என்று தள்ளிவிடுவார்களா?

கணக்குப்பிள்ளை:
பழைய முறையில் அந்த அபாயம் நிஜமாகவே இருந்தது. 'சாவடி எங்கே தெரியுமா', 'இந்தத் தொகுதியில் போட்டிருக்கிறீர்களா' என்ற கேள்விகளே வீடு மாறியவர்களுக்கும் இளைஞர்களுக்கும் வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்கும் பாதகமானவை. சில நிறுவனங்கள் இளைஞர்களுக்கு மதிப்பெண்ணைச் சற்றுக் கூட்டிச் சரிசெய்தன. 2008இல் ஒபாமா நின்றபோது புதிய வாக்காளர்கள் பெருமளவில் வரக்கூடும் என்று கேலப் இரண்டு வடிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வெளியிட்டது. ஒன்றில் பழைய வாக்களிப்பும் சேர்த்தி, மற்றதில் இப்போதைய எண்ணம் மட்டும். அது நேர்மையான வழி என்பது என் அபிப்பிராயம்.

இப்போது பலரும் ஆளை முழுசாகச் சேர்ப்பது அல்லது முழுசாகத் தள்ளுவது என்ற முறையையே விட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நிகழ்தகவு கொடுக்கிறார்கள். தவறாமல் போடுபவருக்கு 0.9, எப்போதாவது போடுபவருக்கு 0.4 என்று வைத்து, அந்த அளவுக்கே அவர் பதிலுக்கு எடை கொடுக்கிறார்கள். நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையும் சியனா கல்வி நிறுவனமும் சேர்ந்து எடுக்கும் கணிப்பில் ஐந்தில் நான்கு பங்கு எடை பதிவேடுகளை வைத்துச் செய்த மதிப்பீட்டுக்கு, ஐந்தில் ஒரு பங்குதான் ஆள் வாயால் சொன்னதற்கு.

எண்ணை வைத்துப் பார்த்தால் இதன் பலம் தெரியும். கற்பனைக் கணக்குதான். 1000 பேரைக் கேட்டோம். 520 பேர் அ கட்சி, 480 பேர் ஆ கட்சி. அ கட்சியின் 520 பேரில் 300 பேர் தவறாமல் போடுபவர்கள், 220 பேர் எப்போதாவது போடுபவர்கள். ஆ கட்சியில் தவறாதவர்கள் 330, மற்றவர்கள் 150.

எல்லோரையும் எண்ணினால் அ கட்சி 52–48 என முன்னிலை. தவறாமல் போடுபவர்களை மட்டும் வைத்தால் 300க்கு 330, அதாவது ஆ கட்சி கிட்டத்தட்ட 5 புள்ளி முன்னிலை. நிகழ்தகவு கொடுத்தால் அ கட்சிக்கு 270 + 88 = 358, ஆ கட்சிக்கு 297 + 60 = 357, சமநிலை. எப்போதாவது போடுபவரின் நிகழ்தகவை 0.4இலிருந்து 0.5 ஆக்கினால் மறுபடி அ கட்சி ஒரு புள்ளி முன்னால் வந்துவிடும். ஒருவர்கூடத் தன் பதிலை மாற்றவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நெடுவழி:
நீங்கள் கொடுத்த கணக்கே என் சந்தேகத்தை உறுதிப்படுத்துகிறது. யாரையும் பொய் சொல்ல வைக்க வேண்டாம், எண்ணைத் திருத்தவும் வேண்டாம், 0.4ஐ 0.5 ஆக்கினால் போதும், வேண்டிய கட்சி முன்னால் வந்துவிடும். அப்படியானால் செய்தியில் '49–47' என்று வரும்போது அது மக்களின் கருத்தா, கணிப்பாளரின் கருத்தா? பிழை வரம்பு கூட்டல் கழித்தல் 3 என்று கீழே சின்ன எழுத்தில் போடுகிறார்கள், அந்த மூன்றுக்குள் இந்த முடிவு அடக்கமா? எனக்குத் தெரிந்தவரை கிடையாது. அது மாதிரி எடுப்பதில் வரும் தற்செயல் பிழைக்கு மட்டுமான எண். படிப்பவருக்கு இதை யாரும் சொல்வதில்லை, அதுதான் எனக்குக் கோபம்.

கணக்குப்பிள்ளை:
நெடுவழி, பிழை வரம்பு பற்றி நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. அந்த எண்ணில் இந்தத் தீர்மானங்கள் எதுவும் அடங்காது. உங்கள் வாதத்துக்கு வலுச்சேர்க்கும் உதாரணத்தை நானே தருகிறேன்.

2016 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் புளோரிடாவில் 867 பேரிடம் ஒரு கணிப்பு எடுத்தது. அந்தக் கச்சாத் தரவை நான்கு நல்ல கணிப்பாளர் குழுக்களிடம் கொடுத்து, நீங்களே முடிவு எடுங்கள் என்றது. ஒருவர் ஹிலாரி கிளிண்டன் 4 புள்ளி முன்னிலை என்றார், ஒருவர் 3, ஒருவர் 1, நான்காவது குழு டிரம்ப் 1 புள்ளி முன்னிலை என்றது. பத்திரிகை தானே போட்ட கணக்கில் கிளிண்டன் 1. அதே ஆட்கள், அதே பதில்கள், ஐந்து புள்ளி இடைவெளி. எதற்கு எடை கொடுப்பது, யாரை வாக்களிப்பவர் என்று கொள்வது என்ற இரண்டு தீர்மானங்களில் இருந்துதான் அவ்வளவும் வந்தது.

அதைவிடக் கடுமையானது 2017 டிசம்பரில் அலபாமாவில் நடந்த செனட் இடைத்தேர்தல். விடுமுறை நெருங்கும் நேரம், வழக்கமில்லாத தேதி, யார் வருவார்கள் என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை. கடைசி நேரத்தில் ஃபாக்ஸ் நியூஸ் கணிப்பு ஜனநாயகக் கட்சியின் டக் ஜோன்ஸ் 10 புள்ளி முன்னால் என்றது, எமர்சன் கல்லூரியின் கணிப்பு குடியரசுக் கட்சியின் ராய் மூர் 9 புள்ளி முன்னால் என்றது. சர்வேமங்கி நிறுவனம் தன் ஒரே தரவை வெவ்வேறு வாக்குப்பதிவு அனுமானங்களில் ஓட்டிப் பார்த்து, ஜோன்ஸ் 8 புள்ளி முன்னிலையிலிருந்து மூர் 9 புள்ளி முன்னிலை வரை எல்லாமே சாத்தியம் என்று பகிரங்கமாகச் சொன்னது. இரண்டு புள்ளிக்கும் குறைவான வித்தியாசத்தில் ஜோன்ஸ் ஜெயித்தார்.

ஆனால் இதைச் சூழ்ச்சி என்று நான் ஏற்க மாட்டேன். தீர்மானம் எடுக்காமல் இருக்க வழியே இல்லை. 'யாரையும் வடிகட்ட மாட்டேன்' என்றால், எல்லோரும் ஒரே அளவுக்கு வருவார்கள் என்ற அனுமானத்தை எடுத்துவிட்டீர்கள் என்று பொருள், இருப்பதிலேயே பொருந்தாத அனுமானம் அதுதான்.

தேன்மொழி:
நானும் அதையேதான் நினைக்கிறேன். இங்கே கேட்க வேண்டியது ஒன்றுதான், தீர்மானம் எடுத்தபின் அதைச் சொல்கிறார்களா இல்லையா. நான் வேலை பார்த்த இடத்தில் வடிகட்டும் முறை எங்களுக்கே தெரியாது, தொழில் ரகசியம் என்பார்கள். நாங்கள் கேட்ட ஒருவர் கடைசிக் கணக்கில் இருக்கிறாரா கழிக்கப்பட்டாரா என்பதும் தெரியாது. இருபது நிமிடம் பொறுமையாகப் பேசிய ஒரு பெரியவரின் பதில் எங்கே போனது என்று யோசித்தால் மனசு கஷ்டமாக இருக்கும்.

வடகாற்று:
பிரிட்டன் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அது இந்த விஷயத்துக்கே பாடப்புத்தகம் மாதிரி. 2015 பொதுத்தேர்தலில் கணிப்புகள் எல்லாம் இரண்டு கட்சிகளும் சமம் என்றன, கன்சர்வேட்டிவ் தெளிவாக ஜெயித்தது. பேராசிரியர் பாட்ரிக் ஸ்டர்ஜிஸ் தலைமையில் விசாரணைக் குழு வைத்தார்கள். குழு சொன்ன முக்கியக் காரணம் மாதிரியே பிரதிநிதித்துவம் இல்லாமல் இருந்தது என்பதுதான், லேபர் ஆதரவாளர்கள் அளவுக்கு மீறிச் சேர்ந்திருந்தார்கள். ஆனால் பல நிறுவனங்கள் அதை வாக்குப்பதிவு அனுமானத்தின் வழியே சரிசெய்யப் பார்த்தன. இளைஞர்கள் சொல்வார்கள், வர மாட்டார்கள் என்று முடிவு கட்டி, வயதையும் வர்க்கத்தையும் வைத்து அவர்களின் எடையை வெகுவாகக் குறைத்தார்கள்.

2017இல் என்ன ஆனது? ஐசிஎம் என்ற கணிப்பு நிறுவனத்தின் கடைசிக் கணிப்பில் கன்சர்வேட்டிவ் 12 புள்ளி முன்னிலை, காம்ரெஸ் நிறுவனத்தின் கணிப்பில் 10. இளைஞர்களின் எடையை அவ்வளவு வெட்டாமல் விட்ட சர்வேஷன் நிறுவனம் 1 புள்ளி என்றது. உண்மை முடிவு 2.5 புள்ளிக்குப் பக்கம், பெரும்பான்மையும் போனது. ஒரு தேர்தலின் காயத்துக்குப் போட்ட மருந்து அடுத்த தேர்தலில் நோயாகிவிட்டது. இதில் எனக்கு வேதனை தருவது என்னவென்றால், ஆட்கள் தங்கள் வாயால் 'நான் போடுவேன், இவருக்குப் போடுவேன்' என்று சொன்னதைக் கணிப்பாளர்கள் கேட்டார்கள், பிறகு உன் வயதுக்காரர்கள் வர மாட்டார்கள் என்று அதைக் கழித்தார்கள். அந்த வருடம் இளைஞர் வாக்குப்பதிவு உண்மையிலேயே அவ்வளவு எகிறியதா என்பது பற்றி ஆய்வாளர்களிடையே பிறகு தகராறு வந்தது, அது தனிக் கதை. எகிறாமலே இருந்திருந்தாலும்கூட அந்த வெட்டு மிகை.

முகிலன்:
இதையெல்லாம் படித்தால் தேர்தலுக்கு ஒரு மாதம் முன்னால் வரும் 'திடீர் ஏற்றம்', 'திடீர்ச் சரிவு' செய்திகளையும் சந்தேகிக்க வேண்டுமே. விவாத மேடையில் ஒருவர் சொதப்பினார், மறுவாரம் 5 புள்ளி விழுந்தார் என்கிறார்கள். 5 சதவீதம் பேர் மனம் மாறிவிட்டார்களா?

கணக்குப்பிள்ளை:
முகிலன், சரியான இடத்தைத் தொட்டீர்கள். பெரும்பாலும் மனம் மாறுவதில்லை. 2000 தேர்தலில் கேலப் தினசரி எண்கள் புஷ், கோர் இருவருக்கும் இடையே வேகமாக ஊசலாடின. எரிக்சன், பனகோபுலோஸ், வ்லெசியன் மூவரும் 2004இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் அந்தத் தரவை எடுத்துப் பார்த்தார்கள். ஊசலாட்டத்தில் பெரும்பகுதி ஆட்கள் கட்சி மாறியதால் வந்ததில்லை, வடிகட்டியைத் தாண்டி வந்த ஆட்கள் நாளுக்கு நாள் மாறியதால் வந்தது. பெர்ரியின் முதல் கேள்வியை நினைத்துப் பாருங்கள், 'தேர்தலைப் பற்றி எவ்வளவு யோசித்தீர்கள்'. உங்கள் வேட்பாளருக்கு நல்ல வாரம் என்றால் நீங்கள் செய்தி பார்ப்பீர்கள், உற்சாகமாகப் பதில் சொல்வீர்கள், மதிப்பெண் ஏறும். மோசமான வாரம் என்றால் அதைப் பற்றிப் பேசவே பிடிக்காது, மதிப்பெண் இறங்கி வெட்டுக்கோட்டுக்குக் கீழே போய்விடுவீர்கள். தேர்தல் நாளன்று எப்படியும் போய் அதே ஆளுக்குத்தான் போடுவீர்கள்.

2012இல் கேலப்புக்கு நடந்ததிலும் இதன் சாயல் உண்டு. அக்டோபர் நடுவில் ஒபாமாவை எதிர்த்து நின்ற ராம்னி 7 புள்ளி முன்னிலை என்றார்கள், கடைசிக் கணிப்பில் ராம்னி 49, ஒபாமா 48. ஆனால் அதே கணிப்பில் பதிவு செய்த வாக்காளர்கள் அனைவரையும் எடுத்தால் ஒபாமாதான் முன்னால். கிட்டத்தட்ட 4 புள்ளியில் ஒபாமா ஜெயித்தார். அடுத்த ஆண்டு கேலப் தானே ஓர் ஆய்வு நடத்தி, தவறிய இடங்களில் இந்த வடிகட்டலும் ஒன்று என்று வெளியிட்டது. 2016 தேர்தலில் அவர்கள் யார் ஜெயிப்பார் என்ற கணிப்பே எடுக்கவில்லை. அந்த முறையை உலகுக்குக் கற்றுக்கொடுத்த நிறுவனமே களத்திலிருந்து விலகியது.

நெடுவழி:
கேலப் தன் தவறை வெளியிட்டதை மதிக்கிறேன். ஆனாலும் ஒரு கேள்வி. இந்த வடிகட்டல் எப்போதும் ஒரே கட்சிக்குத்தான் சாதகமாக இருக்கிறதா? வசதியானவர்கள், வயதானவர்கள் தவறாமல் போடுவார்கள், அதனால் குடியரசுக் கட்சிக்குச் சில புள்ளி கூடும் என்று பல வருடமாகப் படித்திருக்கிறேன்.

வடகாற்று:
அது பழைய விதி, இப்போது உடைந்துவிட்டது. பட்டப்படிப்பு படித்தவர்கள் ஜனநாயகக் கட்சிப் பக்கம் போனதும், தவறாமல் போடும் கூட்டத்தின் நிறமே மாறியது. பியூ தேர்தல் முடிந்தபின் வாக்களிக்காதவர்களிடமும் கேட்கிறது. 2020இல் போடாதவர்களில் 46 சதவீதம் பைடனையும் 35 சதவீதம் டிரம்பையும் விரும்பினார்கள். 2024இல் போடாதவர்களில் 44 சதவீதம் டிரம்ப், 40 சதவீதம் ஹாரிஸ். நான்கு ஆண்டில் தலைகீழ். எனவே வடிகட்டியை இறுக்கினால் இன்ன கட்சிக்கு லாபம் என்று பழைய நினைப்பில் இருக்கும் கணிப்பாளர் ஏமாந்துபோவார். இடைக்காலத் தேர்தலிலும் சின்ன இடைத்தேர்தல்களிலும் ஜனநாயகக் கட்சி எதிர்பார்த்ததைவிட நன்றாகச் செய்வதற்கும், அதிபர் தேர்தலில் டிரம்புக்கு எதிர்பாராத வாக்குகள் வந்து விழுவதற்கும் இது ஒரு காரணம்.

இளவேனில்:
அப்படியானால் கட்டாய வாக்களிப்பு இருக்கும் நாடுகளில் கணிப்புகள் துல்லியமாக இருக்க வேண்டுமே?

வடகாற்று:
அப்படித்தான் எல்லோரும் நினைப்பார்கள். ஆஸ்திரேலியாவில் தேசியத் தேர்தலுக்கு 1924 முதல் வாக்களிப்பது கட்டாயம், 90 சதவீதத்தை ஒட்டிப் போடுகிறார்கள். யார் வருவார் என்ற கேள்வி கிட்டத்தட்ட இல்லை. 2019இல் என்ன நடந்தது என்று பாருங்கள். கடைசிக் கணிப்புகள் அத்தனையும் லேபர் கட்சி லேசான முன்னிலை என்றன, ஆளும் கூட்டணி ஜெயித்துவிட்டது. அங்கே தவறியது மாதிரிதான். அரசியலில் ஈடுபாடு உள்ளவர்களும் படித்தவர்களும் அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்டார்கள்.

கணக்குப்பிள்ளை:
ஆமாம், இந்த இழையில் வாக்குப்பதிவு அனுமானத்தையே பேசுவதால் எல்லாப் பிழைக்கும் அதுதான் காரணம் என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது. 2020 அமெரிக்கத் தேர்தலில் கணிப்புகள் நாற்பது ஆண்டுகளில் இல்லாத அளவுக்குத் தவறின, தேசிய அளவில் பைடனின் முன்னிலையைச் சராசரியாக 3.9 புள்ளி மிகைப்படுத்தின. அமெரிக்கக் கருத்தாய்வாளர் சங்கத்தின் குழு அதை ஆராய்ந்தபோது, யார் வருவார் என்பதைத் தப்பாகக் கணித்ததால் அது நேரவில்லை என்றது. பேச மறுத்தவர்கள் பேசியவர்களிலிருந்து வேறுபட்டிருந்தார்கள் என்பதுதான் அவர்களின் சந்தேகம். ஒரே கட்சிக்குள்ளேயே கணிப்பாளரை நம்பாதவர் தொலைபேசியை எடுப்பதில்லை. அவருக்கு எவ்வளவு எடை கொடுக்கலாம் என்று யோசிக்க, அவர் முதலில் பட்டியலில் இருக்க வேண்டுமே.

ஐயோவா மாநிலத்தில் கணிப்பு எடுத்த ஆன் செல்சர் கதையும் இதே ரகம். அவர் பழைய வாக்களிப்பையெல்லாம் அதிகம் பார்க்க மாட்டார். 'கண்டிப்பாகப் போடுவேன்' என்றவர்களை எடுத்துக்கொள்வார், போன தேர்தலின் வடிவத்தை இந்தத் தேர்தலின்மேல் திணிக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. அதனாலேயே மற்றவர்கள் தவறவிட்ட மாற்றங்களைப் பலமுறை முன்கூட்டிப் பிடித்தார். 2024இல் அதே முறையில் ஹாரிஸ் 3 புள்ளி முன்னிலை என்று வந்தது, டிரம்ப் 13 புள்ளியில் ஜெயித்தார். அவர் கிடைத்த எண்ணை ஒளிக்காமல் வெளியிட்டார் என்பதற்காக எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது. மற்ற எல்லோரும் பக்கத்து வீட்டுக் கணிப்பைப் பார்த்துத் தங்கள் எண்ணைச் சரிசெய்துகொண்டே போனால், பத்துக் கணிப்பு இருந்தும் ஒரு கணிப்புக்குச் சமம்தான்.

தேன்மொழி:
இளவேனில், உங்களுக்கு நடைமுறையில் உதவும் என்றால் நான் ஒரு கணிப்பைப் படிக்கும் விதத்தைச் சொல்கிறேன். முதலில் தலைப்பு எண்ணை விட்டுவிட்டு, எல்லாப் பெரியவர்களா, பதிவு செய்தவர்களா, வாக்களிக்க வாய்ப்புள்ளவர்களா என்று பார்ப்பேன். இரண்டு எண்ணும் கொடுத்திருந்தால் இடைவெளியைப் பார்ப்பேன். இடைவெளி சின்னதாக இருந்தால் வாக்குப்பதிவு எப்படிப் போனாலும் முடிவு பெரிதாக மாறாது. பெரிதாக இருந்தால் அந்தத் தேர்தலே யார் வருகிறார் என்பதில்தான் தொங்குகிறது. முறையை எழுதாமல் எண் மட்டும் வெளியிடும் நிறுவனத்தை நான் படிப்பதே இல்லை. தேர்தலுக்கு ஆறு மாதம் முன்னாலேயே வாக்களிக்கப் போகிறவர் என்று வடிகட்டிச் சொல்பவர்களையும் அவ்வளவாக நம்புவதில்லை, அந்த நேரத்தில் ஆளுக்கே தெரியாது தான் போவேனா என்று.

நெடுவழி:
முறையை எழுத வேண்டும் என்பதில் நாம் எல்லோரும் ஒரே பக்கம். நான் இன்னும் ஒரு படி மேலே போவேன். சர்வேமங்கி அலபாமாவில் செய்தது போல, ஒவ்வொரு கணிப்பும் குறைந்தது இரண்டு மூன்று வாக்குப்பதிவு அனுமானங்களில் முடிவைத் தர வேண்டும். ஒற்றை எண் என்பது வாசகருக்கு இல்லாத உறுதியைக் கொடுக்கிறது.

இளவேனில்:
எல்லோருக்கும் நன்றி, எதிர்பார்த்ததைவிட நிறையக் கிடைத்தது. கடைசியாக ஒன்று. இப்போது தேர்தல் நாளுக்கு வாரக்கணக்கில் முன்னாலேயே தபாலிலும் நேரிலும் வாக்களிக்கிறார்களே, 'ஏற்கெனவே போட்டுவிட்டேன்' என்பவர் விஷயத்தில் ஊகமே தேவையில்லை அல்லவா? அதனால் இந்தப் பிரச்சினை குறையுமா?

கணக்குப்பிள்ளை:
பாதி குறையும், பாதி புதிதாக முளைக்கும். 2020இல் 10 கோடிப் பேருக்கு மேல் தேர்தல் நாளுக்கு முன்பே போட்டுவிட்டார்கள். போட்டுவிட்டேன் என்பவருக்கு நிகழ்தகவு 1, பல மாநிலங்களில் யார் வாக்குச் சீட்டைத் திருப்பி அனுப்பினார் என்ற பதிவும் அன்றாடம் வெளிவருவதால் சரிபார்க்கவும் முடியும். சிக்கல் என்னவென்றால், முன்கூட்டிப் போடுபவர்களும் தேர்தல் நாளில் போடுபவர்களும் ஒரே மாதிரி ஆட்கள் கிடையாது. அந்த ஆண்டு தபாலில் ஜனநாயகக் கட்சியினர் குவிந்தார்கள், குடியரசுக் கட்சியினர் அதிகம் பேர் கடைசி நாளுக்காகக் காத்திருந்தார்கள். முதல் கூட்டத்துக்கு முழு எடையும், இரண்டாவது கூட்டத்துக்கு 'ஒருவேளை வராமல் போகலாம்' என்று 0.8ம் கொடுத்தால், வரப்போகிறவர்களிலும் ஒரு பங்கு கழிந்துபோய் ஒரு கட்சி இல்லாத முன்னிலையைப் பெற்றுவிடும். அதனால் கவனமான கணிப்பாளர்கள், ஏற்கெனவே போட்டவர்களைத் தனியாகவும் இனிப் போட வேண்டியவர்களைத் தனியாகவும் வைத்து, மொத்த வாக்கில் முதல் கூட்டத்தின் பங்கு எவ்வளவு இருக்கும் என்று முதலில் தீர்மானித்துவிட்டு, அப்புறம்தான் இரண்டையும் சேர்க்கிறார்கள். அந்தப் பங்கும் ஒரு ஊகம்தான், அது எத்தனை சதவீதம் என்று வைத்தார்கள் என்பதையும் கணிப்போடு வெளியிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.